சமுதாயக் கல்லூரியில் பட்டப் படிப்பு: இடம் எவருக்கு, எம்முறையில்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சமுதாயக் கல்லூரி என்றொரு வகைக் கல்விச்சாலை உண்டு. இப்பெயர் நம் அங்கத்தினர்களில் சிலருக்குப் புதிதன்று. புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் இப்பெயரால் ஒரு கல்லூரியைத் தொடங்கிற்று. பின்னர் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2013இல் இப்பெயரால் ஒரு திட்டம் வகுத்தது. ஆயினும் அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி அளவிலும் அமைப்பிலும் வேறானது. அங்குப் பட்டப் படிப்புக்கு மாணவரைத் தெரிந்தெடுக்கும் முறையில், கூட்டுறவாளர் கவனிக்கத்தக்க ஒரு சிக்கல் அடங்கியிருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901இல் தொடங்கப்பெற்ற கல்லூரியை இவ்வகையின் மூத்த கல்லூரி என்பர். ஜனாதிபதி ட்ரூமன் 1946இல் அமைத்த உயர்கல்விக் கமிஷனின் அறிக்கைக்குப் பின் ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயர் நாடெங்கும் பரவியது. கலிபோர்னியாவில் இத்தகைய கல்லூரியை நடத்துவது அவ்வட்டாரத்து வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவே. கட்டணம் குறைவு, மாலை வகுப்புகள் உண்டு, பண்ணையிலும் பட்டறையிலும் வேலை செய்பவர், பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள், படையிலிருந்து திரும்பியவர் என எல்லோரும் அங்குப் படிக்கின்றனர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர் எவர் வந்து கேட்டாலும் சேர்த்துக்கொள்வது இக்கல்லூரிகளின் ஆதாரக் கொள்கையாகும். கூட்டுறவின் முதற் கொள்கையாகிய திறந்த அங்கத்துவத்துக்கு இஃது ஏறக்குறைய ஒப்பாகும்.

இக்கல்லூரிகள் நெடுங்காலம் இரண்டாண்டுப் படிப்போடு நின்றுவிட்டன. அதன் முடிவில் தருவது ‘அசோஸியேட்’ பட்டம். நான்காண்டுப் பட்டம் வேண்டுவோர் எஞ்சிய ஈராண்டுக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்லவேண்டும். கலை, விஞ்ஞானம் படித்தவர்கள் ஒருவாறு மாறினர். தொழில் படித்தவர்கள் பாடுதான் சிரமம். மோட்டார் பழுது பார்ப்பதிலோ பல் சுத்திகரிப்பிலோ ஈராண்டு படித்து 60 யூனிட் பெற்ற ஒருவர் பல்கலைக்கழகத்தை அணுகினால், அவ்யூனிட்டுகளிற் பெரும்பகுதி ஏற்கத்தக்கதன்று என்று கூறி, முதலிலிருந்து தொடங்கச் சொல்லுவதே வழக்கமாயிருந்தது. கைத்தொழிற் கல்வியைக் கல்வியாகவே எண்ணாத அவ்வழக்கம் கடல் கடந்த நாட்டுக்கு மட்டும் உரியதென்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள இடமில்லை. மேலும் பல்கலைக்கழகம் நூறு மைலுக்கு அப்பால் இருந்தால், குடும்பத்தையும் வேலையையும் விட்டு அங்குச் சென்று படிப்பது எத்தனை பேருக்கு இயலும்?

இக்குறையை நீக்கவே, சமுதாயக் கல்லூரிகளே நான்காண்டுப் பட்டம் வழங்கலாம் என்று மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் செய்தன. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் கல்லூரி 1989இல் இவ்வழியில் முந்திக்கொண்டது. புளோரிடா 2001இல் சட்டம் செய்தது. அங்கு 1927இல் தொடங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் கல்லூரி, தன் பெயரிலிருந்த ‘ஜூனியர்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலம் 2005இல் சோதனையாக அனுமதித்தது. கலிபோர்னியா 2014இல் 15 கல்லூரிகளைக்கொண்டு சோதித்துப் பார்த்து, 2021இல் அதனை நிரந்தரமாக்கிற்று. அப்பதினைந்தில் ஒன்று, சியரா நெவாடா மலைப் பகுதியிலுள்ள பெதர் ரிவர் கல்லூரி. குதிரை வளர்ப்பும் மேய்ச்சற் பண்ணை நிர்வாகமும் அங்குப் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன.

நெசவாளருக்கு மிகவும் நெருங்கிய உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. அங்குள்ள பாஷன் இன்ஸ்டிடியூட் ஆப் டெக்னாலஜி, பெயரைக் கேட்டால் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் இடம்போலத் தோன்றும். உண்மையில் அது 1944இல் 100 மாணவர்களோடு, ஊசித் தொழில்களுக்கென்று ஏற்பட்ட உயர்நிலைப் பள்ளியொன்றின் மேல்மாடிகளில் தொடங்கியது. 1951இல் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரியாயிற்று; 1975இல் இளநிலைப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இழை, நூல், நெய்வு, சாயம், துணிப் பரிசோதனை, விற்பனை ஆகியன அங்குப் பட்டத்துக்குரிய பாடங்களாம். நேரே நான்காண்டுக்குச் சேர்தல் அங்கு வழக்கமன்று. முதலில் ஈராண்டுப் படிப்புக்கு விண்ணப்பித்து, அதை முடித்தபின் மறுபடி விண்ணப்பித்தே மேல் ஈராண்டுக்குச் செல்லவேண்டும். துணி மேற்பரப்பு அலங்காரம் போன்ற கலைப் பிரிவுகளில் சேர விரும்புவோர், தாம் வரைந்தவற்றையும் செய்தவற்றையும் தொகுத்துக் காட்டவேண்டும். மதிப்பெண் பட்டியலோடு கைவேலையும் அங்குப் பேசுகிறது.

பிற சமுதாயக் கல்லூரிகளிலும் இந்த இரு படி அமைப்பே பொதுவாகக் காணப்படுகிறது. முதற்படியின் வாசல் திறந்தது. இரண்டாம் படியின் வாசலில் காவல் உண்டு. மேல் ஈராண்டுக்குச் சேர விரும்புவோர் அசோஸியேட் பட்டமோ, அதற்கு ஈடான 60 யூனிட்டோ பெற்றிருக்கவேண்டும். ஆண்டைக் காலாண்டுப் பருவங்களாகப் பகுத்துள்ள வாஷிங்டனில் அது 90 யூனிட். மதிப்பெண் நான்கை முழு அளவாகக் கொண்டது. அதில் சராசரி 2.0 அல்லது 2.5 கேட்பது சாதாரணம். குறிப்பிட்ட சில முன்பாடங்களில் தேறியிருக்கவேண்டும். தாதியர் கல்வியில் ஏற்கெனவே பதிவு பெற்ற தாதியரே பட்டத்துக்கு வரலாம் என்ற விதி பல கல்லூரிகளில் உண்டு. சிலவற்றில் தொழிலனுபவச் சான்றும், ஏன் இப்படிப்பை நாடுகிறேன் என்று விண்ணப்பதாரர் தாமே எழுதிய அறிக்கையும் கேட்கின்றனர்.

இவையெல்லாம் தகுதி. தகுதி பெற்றவர் அனைவருக்கும் இடமிருந்தால் ‘தெரிந்தெடுத்தல்’ என்ற பேச்சே எழாது. தொழில் நிர்வாகம் போன்ற பிரிவுகளில் பெரும்பாலும் எழுவதும் இல்லை. பல் சுத்திகரிப்பு, சுவாச சிகிச்சை போன்றவற்றிலோ நாற்காலிகள் எண்ணி வைக்கப்பட்டவை. ஓர் ஆசிரியர் மேற்பார்க்கத்தக்க மாணவர் சிலரே. பயிற்சிக்கு இடந்தரும் ஆஸ்பத்திரிகளும் ஓரளவே ஏற்கும். சங்கத்தில் சேர எவருக்கும் உரிமையுண்டு என்பது மெய்யே. ஆனால் வந்து சேர்ந்த நூல் ஐம்பது தறிக்கே போதுமாயின், இருநூறு தறிக்காரரில் எவருக்கு முதலில் கொடுப்பது? இக்கேள்விக்கு விடை காண முயன்ற எந்தச் சங்கக் காரியதரிசிக்கும் அக்கல்லூரிகளின் இக்கட்டு நன்கு விளங்கும்.

மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன. முதலாவது, வரிசை: முன்வந்தவருக்கு முன் இடம், எஞ்சியோர் காத்திருப்போர் பட்டியலில். முறைப்பாசனம் போல இதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆனால் பட்டியல் நீண்டு, ஆண்டுகள் கழிந்து, முறை வருவதற்குள் மனிதரின் நிலைமை மாறிவிடுகிறது. இரண்டாவது, குலுக்கல். தகுதிக் கோட்டைத் தாண்டியவர் எல்லோரும் சமம் என்று கொண்டு சீட்டெடுப்பது. கலிபோர்னியாவின் தாதியர் வகுப்புகளிலும் பிற மருத்துவத் துணைப் பிரிவுகளிலும் இது வழங்கியதுண்டு. கோட்டை மயிரிழையில் தாண்டியவருக்கும், உயர்ந்த மதிப்பெண் பெற்றவருக்கும் ஒரே சீட்டு. இதை அநீதி என்று கண்டித்தவர் பலர். எனினும் இதில் ஒரு நன்மையைக் காணாதிருத்தல் கூடாது: சிபாரிசுக்கு இதில் இடமில்லை.

மூன்றாவது, பல அம்சங்களுக்குப் புள்ளியிட்டுக் கூட்டும் முறை. தாதியர் கல்விக்கென்று கலிபோர்னியா 2007இல் இயற்றிய சட்டம் இதற்கு நல்ல மாதிரி. மதிப்பெண் மட்டுமன்றி, தொடர்புள்ள வேலை அல்லது தொண்டு அனுபவம், முன் பெற்ற பட்டங்கள், குடும்பத்தின் குறைந்த வருமானம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவரா என்பது, படிக்கும்போதே வேலை செய்யவேண்டிய கட்டாயம், அகதி வாழ்வு, படைச் சேவை ஆகியவற்றையும் அது எடைபோடச் சொல்கிறது. ஆங்கிலமல்லாத பிறமொழி அறிவுக்கும் மதிப்புண்டு. அச்சட்டம் குறிப்பிடும் மொழிகளின் வரிசையில் ‘இந்திய உபகண்டத்தின் பல்வேறு மொழிகள்’ என்ற சொற்றொடர் இருப்பதால், தமிழறிவும் அங்கு ஒரு தகுதியாகக் கணக்கில் வரத்தக்கது. நோயாளியிடம் அவர் மொழியில் பேசும் தாதியின் அருமையைச் சட்டமியற்றியோர் உணர்ந்திருக்கின்றனர்.

புள்ளி முறையே மூன்றிலும் சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனையோடு: எதற்கு எத்தனை புள்ளி என்பது விண்ணப்பத்துக்கு நெடுநாள் முன்பே அச்சிட்டு வெளியிடப்படவேண்டும். ஏனெனில் இம்முறையின் நுட்பமான விதிகளே ஏழை விண்ணப்பதாரரை வீழ்த்துகின்றன. உடற்கூறு, உடலியல் முதலிய விஞ்ஞானப் பாடங்களை ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளுக்குள் படித்திருக்கவேண்டும் என்று சில கல்லூரிகள் விதிக்கின்றன. பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திரும்பும் தாய், ஒருமுறை தேறிய பாடத்தை மறுபடி படிக்க நேர்கிறது. அதேசமயம், ஒரே பாடத்தை மறுபடி படித்தவருக்கு மதிப்பைக் குறைக்கும் கல்லூரிகளும் உண்டு. பதினெட்டு வயதில் அலட்சியமாகப் பெற்ற மதிப்பெண், முப்பத்தைந்து வயதில் பொறுப்போடு வருபவரின் சராசரியை இழுத்துத் தாழ்த்துகிறது. இவற்றை முன்கூட்டி அறிந்தவர், எப்பாடத்தை எப்போது படிப்பது என்று திட்டமிடுவார். அறியாதவர், இரண்டாண்டு உழைத்தபின் வாசலில் நின்று அறிவார். ஆகவேதான் அங்குள்ள ஆலோசகரிடம் முதற் பருவத்திலேயே சென்று, பட்டப் படிப்பு வரை கணக்கிட்டுப் பாடத் திட்டம் எழுதி வாங்கும்படி மாணவருக்கு அறிவுறுத்துகின்றனர்.

இவ்வளவு சிரமப்பட்டு இடம் தேடுவதன் காரணம் கட்டணத்தைப் பார்த்தால் விளங்கும். கலிபோர்னியாவில் அம்மாநிலத்தில் குடியிருப்போருக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்பது 2012இல் ஏற்பட்ட விகிதம். பட்டத்தின் மேற்படிப் பாடங்களுக்கு அதன்மேல் 84 டாலர் கூடி 130 டாலர் ஆகும். முதல் 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். அடுத்த 60 யூனிட்டுக்கு 7,800 டாலர். ஆக 10,560 டாலர். புத்தகமும் கருவியும் சாப்பாடும் தனி. நான்காண்டுப் பட்டத்துக்கு அந்நாட்டில் இது மிகக் குறைந்த விலை. அம்மாநிலத்தில் குடியிருப்பு உரிமை பெறாதவருக்கும் வெளிநாட்டு மாணவருக்கும் இவ்விகிதம் பொருந்தாது; நம்மவர் தம் பிள்ளைகளுக்காக விசாரிக்கையில் இதை மறத்தலாகாது.

மாணவரைத் தெரிந்தெடுப்பதற்கு முன்பே மற்றொரு தெரிவும் நடந்தேறுகிறது. அது எப்பாடத்தில் பட்டம் வழங்கலாம் என்பது. கலிபோர்னியச் சட்டப்படி, மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏற்கெனவே உள்ள பட்டத்தைச் சமுதாயக் கல்லூரி மறுபடியும் தொடங்கலாகாது. நோக்கம் வீண் செலவைத் தடுத்தல். ஆனால் பல்கலைக்கழகத்திலிருந்து நெடுந்தொலைவில் வாழும் கிராமத்தாருக்கு அவ்விதி ஒரு வேலியாகவும் நிற்கிறது. பெதர் ரிவர் கல்லூரி, காட்டுத்தீ மேலாண்மையை ஒட்டிய ஒரு பட்டத்தை வகுத்தபோது மாநிலப் பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழுந்தது. காட்டுத்தீயால் பன்முறை அவதியுற்ற வட்டாரத்தின் கல்லூரி அது. தாதியர் பட்டத்தைச் சமுதாயக் கல்லூரிகள் சில சோதனையாக வழங்க வகைசெய்யும் மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியும், ஆளுநர் 2024இல் கையொப்பமிட மறுத்துவிட்டார். புளோரிடாவிலும் வாஷிங்டனிலும் அதே பட்டத்தைச் சமுதாயக் கல்லூரிகள் பல ஆண்டுகளாக வழங்கி வருகின்றன.