கல்குடா முனையும் முருகைக்கல்லும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீற்றர் சென்றால் கல்குடா. அங்கே கடலுக்குள் நீண்டு நிற்கும் முனையின் ஒரு பக்கம் கல்குடா விரிகுடா, மறுபக்கம் பாசிக்குடா. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போகும் நம் தாய்மார் பாசிக்குடாவையே விரும்புவர். அங்கு ஆழம் மெல்ல மெல்லத்தான் கூடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வெளிக்கடல் கொந்தளித்தாலும், குடாவுக்குள் அதன் வேகம் குறைந்தே வரும்.

காரணம், அந்த முனையும் அதைச் சார்ந்து கடலடியில் வளர்ந்த முருகைக்கல்லும்தான். முனையின் பாறை பல கோடி ஆண்டுப் பழையது. முருகைக்கல்லோ உயிருள்ளது. அரிசிமணி போன்ற சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. உருண்டைவகைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். 1 மீற்றர் உயரக் கல்லுக்கு நூறு வருடம்! சூரத்துர் ரஹ்மானில் முத்தோடு பவளத்தையும் அல்லாஹ் எடுத்துக் கூறுவதை நாம் ஓதியிருக்கிறோம்.

இப்பகுதியின் தொழில் என்றால் 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் காகித ஆலையே பலருக்கும் நினைவு வரும். வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலை அது. அதைவிடப் பழையது சுண்ணாம்புச் சூளை. முருகைக்கல்லை உடைத்து விறகோடு அடுக்கி எரித்தால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொடியாகும். வீட்டுச் சுவரின் சாந்தும், பெருநாளைக்கு அடிக்கும் வெள்ளையும், உம்மம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்த சுண்ணாம்பும் அதுவே. சூளையை நம்பி உலை வைத்த குடும்பங்கள் பல. அவர்களைக் குற்றம் சொல்லி ஒதுக்கிவிடுவது நியாயமில்லை.

ஆனால் நூறு வருடக் கல் சில நாளில் நீறாகிவிடுகிறது. 1988இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதும் எரிப்பதும் தடைசெய்யப்பட்டன. இதன் பெறுமதி 2004 டிசம்பர் 26இல் தெரிந்தது. கல்குடாவையும் சுனாமி விட்டுவைக்கவில்லை. அவ்வளவு பெரிய அலையை முற்றாக நிறுத்தும் மதில் எதுவும் இல்லை. ஆயினும் தென்கரையில் ஆய்வாளர் கண்டதைக் கேளுங்கள். பவளத்திட்டு பாதுகாக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் கடல் சுமார் 50 மீற்றரே உட்புகுந்தது. சில கிலோமீற்றர் தள்ளி, கல் தோண்டப்பட்டிருந்த பெரேலியவில் 1.5 கிலோமீற்றர் வரை வந்தது. ரயிலோடு நூற்றுக்கணக்கானோரை அலை கொண்டுபோனதும் அங்கேதான்.

இப்போது கல்லைத் தாக்குவது கோடரி மட்டுமல்ல. 1998இல் கடல்நீர் சூடேறி, இலங்கைக் கரையோரப் பவளங்கள் பல வெளுத்து மடிந்தன. அதை நம் கையால் உடனே தடுக்க முடியாது. சுண்ணாம்பு விஷயம் வேறு. மாத்தளைப் பக்கத்து மலைச் சுண்ணாம்புக்கல்லிலும் வெள்ளையடிக்கலாம். வெற்றிலைக்குச் சிப்பிச் சுண்ணாம்பு போதும். கடையில் வாங்கும்போது, இது எந்தக் கல்லில் சுட்டது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.