கலம்பகம்: எல்லாருக்கும் இடமுள்ள பாட்டு



தஞ்சாவூர்க் கதம்பத்தை அறியாதவர் நம்மில் யார்? நிறமும் மணமும் வேறான பூக்களை மரிக்கொழுந்தோடு சேர்த்து, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டிய மாலை அது. தமிழில் அப்படியொரு பாட்டு வகையும் உண்டு. அதன் பெயர் கலம்பகம்.

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருப்பயணம் போகிறோம். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்ட வீரமாமுனிவர், அங்குள்ள அடைக்கல அன்னையின் மீது பாடிய நூல் 'திருக்காவலூர்க் கலம்பகம்'. "பழைய பாட்டு, நமக்குப் புரியாது" என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். அதன் யாப்பைச் சற்று அறிந்தால், அன்னையைப் பாட முனிவர் ஏன் இந்த வடிவத்தை எடுத்தார் என்று சிந்திக்கலாம்.

1680-இல் இத்தாலியில் பிறந்த இவ்வியேசு சபைக் குரு, புனித சூசையப்பரைப் பாடியபோது விருத்தத்தைக் கையாண்டார். தேம்பாவணியின் 3,615 பாடல்களும் அவ்வாறு அமைந்தவை. விருத்தத்தில் நான்கு அடிகளும் ஒரே அளவாக நடக்கும். நீண்ட கதைக்கு அது ஏற்றது.

கலம்பகமோ பல பாக்கள் கூடும் வீடு. வெண்பாவின் ஈற்றடியில் மூன்று சீர்தான். மற்ற அடிகளில் நான்கு. கட்டளைக் கலித்துறையில் எழுத்துக்கும் கணக்குண்டு: ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. ஆசிரியப்பா அகவல் ஓசையில் செல்லும். இப்படி ஒவ்வொன்றும் தன் இயல்பை விடாமலே உள்ளே வருகிறது. வெண்பாவை யாரும் விருத்தமாக மாறச் சொல்வதில்லை.

பாக்கள் மட்டுமல்ல, மனிதர்களும் பலர். கலம்பகத்திற்கு இலக்கணம் 18 உறுப்புகளைச் சொல்கிறது. 'குறம்' என்றால் குறி சொல்லும் குறத்தி பேசுவாள். 'மறம்' என்றால் மறவர் பேசுவர். 'களி' என்றால் கள்ளுண்டவன் பேசுவான். 'இரங்கல்' பிரிவால் வருந்தும் பெண்ணின் குரல். 9-ஆம் நூற்றாண்டு நந்திக் கலம்பகத்தில் இவ்வடிவம் பல்லவ மன்னனைப் பாடியது. முனிவர் அதை அடைக்கலம் தரும் தாய்க்கு உரியதாக்கினார்.

இத்தனை வேறுபாடும் சிதறாமல் காப்பது எது? அந்தாதி. ஒரு பாடல் 'அடைக்கலம்' என்று முடிந்தால், அடுத்தது 'அடைக்கலம்' என்று தொடங்க வேண்டும். கடைசிப் பாடலின் முடிவு முதற்பாடலின் தொடக்கத்தோடு சேரும். இதை மண்டலித்தல் என்பர். கதம்பத்திற்கு நார் எப்படியோ, கலம்பகத்திற்கு அந்தாதி அப்படி. முந்தியவரின் கடைசிச் சொல்லைக் கேட்காமல் அடுத்தவர் வாய் திறக்க முடியாது.

அன்பர்களே, நம் பங்கிலும் அன்பியத்திலும் வேறு தெரு, வேறு சாதி, வேறு பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இடம் தருகிறோமா? "எங்களைப் போல் மாறி வா" என்கிறோமா? அவர்களுடைய கடைசிச் சொல்லைக் கேட்டபின் நாம் பேசுகிறோமா? அடுத்த முறை ஏலாக்குறிச்சி செல்லும்போது, அடைக்கல அன்னையின் முன் நின்று இதை நம்மையே கேட்டுக்கொள்வோம்.