ரேஷன் அட்டையும் பில் மெஷினும்

தமிழ்நாட்டு வீடுகளில் மளிகைச் செலவைக் குறைக்கும் பெரிய கூப்பன், மின்னணுக் குடும்ப அட்டை. ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஓட்டிய காகித அட்டைக்குப் பதிலாக 2017 ஏப்ரலில் இது வந்தது. வணிகக் கூப்பன் விலையில் கொஞ்சம் தள்ளும். இந்த அட்டையோ எந்தப் பொருள், எத்தனை கிலோ, என்ன விலை என எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி; சர்க்கரை அட்டைக்கு அரிசியே கிடையாது.

கடையில் விற்பனையாளர் அட்டையின் கியூஆர் குறியீட்டைப் பில் மெஷினில் காட்டியதும், அந்த மாதம் வாங்காத பாக்கி திரையில் வரும். அடுத்து விரல் ரேகை. காவிரி டெல்டாவில் சிக்கல் இங்கேதான். நடவும் களையெடுப்பும் செய்தே ரேகை தேய்ந்த விரலை மெஷின் லேசில் ஏற்காது. துடைத்துத் துடைத்து வைக்கவேண்டும், இல்லையேல் கண் கருவிழிப் பதிவு. பில் விழுந்ததும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருள் அதில் இருந்தால் 1967-இல் புகார் சொல்லலாம்.

நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக் குடும்பத்தின் கணக்கு இது: 20 கிலோ அரிசிக்கு 2011 ஜூன் முதல் காசில்லை. சர்க்கரை 2 கிலோ 50 ரூபாய், துவரம் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் 25. ஆக 105 ரூபாய். பருப்பிலும் எண்ணெயிலும்தான் மிச்சம் கண்ணுக்குத் தெரியும். மாதம் முடிந்தால் பாக்கியும் போச்சு. சரக்கு வரத் தாமதமானால் மட்டும் சிலசமயம் அடுத்த மாதம் வாங்க அரசு அனுமதிக்கும்.

தஞ்சை விவசாயி இந்த ஏற்பாட்டின் இரு முனையிலும் நிற்கிறார். குறுவை, சம்பா நெல்லை 17 சத ஈரப்பதத்துக்குக் காயவைத்து, 40 கிலோ மூட்டையாகக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறார். வாங்குவது 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். அரவை ஆலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி தரவேண்டும். அதுவே ரேஷன் கடைக்கு வருகிறது. சாப்பாட்டுக்குச் சொந்த நெல் வைத்திருக்கும் வீட்டில் ரேஷன் அரிசி பெரும்பாலும் இட்லி மாவுக்குப் போகும்.

கையில் வாங்கும் காகிதச் சீட்டு பொங்கல் பரிசுக்கு உண்டு. 2024-இல் பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு, 1,000 ரூபாய் தந்தபோது கடை ஊழியர்கள் வீடுவீடாக டோக்கன் கொடுத்தார்கள். கூட்டம் சேராமலிருக்க, வரவேண்டிய நாளும் நேரமும் அதில் குறித்திருந்தது.