பங்குக் கிணறும் பொது நினைவகமும்

நன்னீர் அருகிய புங்குடுதீவில் பங்குக் கிணற்றின் முறைமையை அறியாதார் இலர். பங்காளி ஒருவர் துலாவைப் பிடித்து இறைத்துக்கொண்டிருக்கையில், மற்றொருவர் அக்கிணற்றைத் தூர்க்க முற்படார். கணிப்பொறியின் நினைவகத்தைப் பலர் பங்கிட்டு ஆளும்போதும் இம்முறைமையே வேண்டப்படுகிறது. அதனை ஈண்டு மாணவர்க்குப் பயன்படுமாறு சுருங்கக் கூறுவோம்.

1995இல் வெளிவந்த ஜாவா மொழியில் நிரல் எழுதுவோர் நினைவகத்தைத் தாமே விடுவிக்க வேண்டுவதில்லை. பயனற்ற பகுதிகளை மீட்கும் பணியை அம்மொழியின் இயக்கமே செய்கிறது. ஆயினும், சி, சி++ மொழிகளில் ஆக்கப்பட்ட நிரல்களின் துணையும் பலகால் தேவைப்படும். எடுத்துக்காட்டாக, 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் படிமங்களாக்கி இணையத்திற் பேணிவருகிறது. அத்தகைய படிமங்களிலுள்ள எழுத்தைக் கணிப்பொறி வாசித்தறிய உதவும் மென்பொருள்களுள் ஒன்று டெசரக்ட். அது சி++ மொழியிலானது. தமிழையும் வாசிக்க வல்லது.

ஜாவா நிரலொன்று டெசரக்டைத் துணைக்கழைப்பின், பக்கத்தின் படிமம் இருதிறத்தாரும் அணுகத்தக்க நினைவகத்தில் இருத்தல் வேண்டும். அந்நினைவகம் ஜாவா வழக்கமாக மீட்கும் பரப்புக்குப் புறம்பானது. அதனை முந்தி விடுவித்தால், நிரல் முழுவதும் குலைந்து வீழும். அன்றேல், படிமம் பழுதுபட்டு, ஓரெழுத்து வேறெழுத்தாக வாசிக்கப்பட்டும் பிழை வெளித்தெரியாது நிற்கும். விடுவிக்காமலே விட்டால், பக்கங்கள் பெருகப் பெருக நினைவகம் நிரம்பிவிடும்.

2024 மார்ச்சில் வெளிவந்த ஜாவா 22 இதற்கு நிலையான வழியொன்றை வகுத்தது. அதன்படி நினைவகப் பகுதிகள் அரீனா எனப்படும் எல்லையொன்றினுள் ஒதுக்கப்படும். அரீனாவை மூடும்போது அதனுட்பட்டவை யாவும் ஒருங்கே விடுவிக்கப்படும். கன்ஃபைன்ட் என்னும் வகை ஓர் இழைக்கே உரியது. அவ்விழையே அணுகலாம், மூடலாம். ஷேர்ட் என்னும் வகையோ பல இழைகளுக்கும் பொது. எவ்விழையும் அணுகலாம், மூடலாம். மூடியபின் ஜாவா நிரல் அப்பகுதியை நாடின், பிழையென மறுக்கப்படும்.

வேற்றுமொழி நிரலுக்கு ஒரு பகுதியை ஒப்படைத்து அழைக்கும்போது, அவ்வழைப்பு முடியும்வரை அதன் அரீனாவை ஜாவாவே காத்து நிற்கும். அவ்வேளை மற்றோர் இழை அதனை மூட முயன்றால், முயற்சி பிழையென்று திருப்பப்படும். துலாவில் ஆள் நிற்கக் கிணறு தூர்க்கப்படாது என்பதே இதன் பொருள். ஆயினும் திருப்பப்பட்ட இழை தானாகக் காத்திருப்பதில்லை. ஆகவே, பணிகள் யாவும் முடிந்தபின்னரே மூடுமாறு நிரலை ஒழுங்கு செய்தல் நம் கடன்.

நிற்க. இக்காவல் அழைப்பு மீளும்வரையே உண்டு. வேற்றுமொழி நிரல் அம்முகவரியைக் குறித்துவைத்துப் பின்னர் நாடுமாயின், ஜாவா அதனை அறியாது. அந்நிரல் தன் வேலையை முடித்தமை உறுதியாகும்வரை அரீனாவைத் திறந்தே வைத்தல் வேண்டும். ஜாவாவைத் திரும்ப அழைக்குமாறு அந்நிரலிடம் கொடுத்த சுட்டிக்கும் இவ்விதியே பொருந்தும்.

இனி, வேற்றுமொழி நிரல் தானே ஒதுக்கித் தந்த நினைவகம் அதன் வழியாகவே விடுவிக்கப்படல் வேண்டும். டெசரக்ட் வாசித்துத் தரும் உரையை ஜாவாவின் சரமாகப் படியெடுத்தபின், டெஸ்டெலீட்டெக்ஸ்ட் என்னும் அதன் செயற்கூற்றைக் கொண்டே விடுவித்தல் முறை.

மற்றொன்று செலவு பற்றியது. பொதுவகை அரீனாவை மூடுகையில், எவ்விழையும் அதனை அணுகவில்லை என்பதை ஜாவா உறுதிசெய்தல் வேண்டும். இது தனிவகையை மூடுவதினும் செலவுமிக்கது. ஓரிழையே போதுமாயின் தனிவகையே சாலும். பல இழைகள் வேண்டின், பக்கந்தோறும் திறந்து மூடாது, ஒரு தொகுதிக்கு ஓர் அரீனா அமைத்தல் நன்று.

ஆகவே, நிரல் எழுதப் புகுமுன், இந்நினைவகத்தை ஒதுக்கியவர் யார், இதன் முகவரி யார் யாரிடம் உளது, கடைசியாக அதனை நாடுபவர் யார் என்னும் மூன்றையும் மாணவர் எழுதிவைப்பாராக. விடை தெளியாதவிடத்து அரீனாவை மூடுதல் தகாது.