தமக்குத் தாமே எஜமானர்: தனித் தொழில் புரிவோரும் வைத்தியச் செலவும்

கெடாவின் சுங்கைப் பட்டாணியைச் சூழ்ந்து பீடோங், செமிலிங், குரூண், பாடாங் செராய் என்று நாற்றிசையிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்த காலத்தில், பால்மரம் வெட்டி ஜீவனம் செய்த நம் முன்னோருக்கு, நோயுற்றால் எங்கே போவது, செலவுக்கு யாரிடம் போய் நிற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே ஒருவகையான விடை இருந்தது. சட்டத்தின் கட்டாயத்தினால் நிர்வாகம் நடத்திவந்த தோட்ட ஆஸ்பத்திரியும், அதில் மருந்து கலந்து கொடுத்த டிரெசரும், அவசரத்துக்கு நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச்செல்லும் தோட்டத்து லாரியும் குறைபாடுகள் நிரம்பியவையே. எனினும், மாதச் சம்பளத்திலிருந்து வைத்தியத்திற்கென்று தனியே எடுத்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் லயத்து வீடுகளில் பெரும்பாலும் எழாதிருந்ததற்கு அவைதாம் காரணம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடங்களில் செம்பனையும், செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் தோன்றிய பின்னர், அந்த லயங்களின் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து பலவகைத் தொழில்களில் இறங்கினார்கள். ஒருவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். ஒருவர் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுசேர்க்கிறார். ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். ஒருவர் காலையில் தோசையும் மாலையில் வடையும் விற்கிறார். ஒருவர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தாமான் தாமானாகப் போகிறார். இவர்கள் அனைவரும் தமக்குத் தாமே எஜமானர்கள். அதனால் சம்பளத்தில் பிடித்துச் சேமநிதிக்கும், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் கட்டுவதற்கு இவர்களுக்கு முதலாளி என்று வேறொருவர் இல்லை. சுதந்திரத்தோடு கூடவே வந்த இந்தப் பாரத்தைக் குறைந்த செலவில் தாங்கும் மார்க்கத்தை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியம்.

இந்த விஷயத்தில் நம்மவர் பலர் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆரோக்கியக் காப்பு என்றவுடனே தனியார் காப்புறுதி நிறுவனத்தின் மெடிக்கல் கார்டையே நினைத்து, அதன் பிரீமியத்தைக் கேட்டு மலைத்து, 'நமக்கு இது கட்டுப்படியாகாது' என்று எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். அல்லது ஆவேசத்தில் எடுத்துவிட்டு, வியாபாரம் மந்தமான மாதங்களில் கட்ட முடியாமல் அதைக் காலாவதியாக விடுகிறார்கள். மலிவானதும் உறுதியானதுமான பொதுப் பாதுகாப்பிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலே சேர்த்துக்கொண்டு போவதே வருமானம் ஏறியிறங்கும் குடும்பத்துக்கு ஏற்ற முறையாகும்.

இந்தப் படிகளுள் முதலாவது அரசாங்க ஆஸ்பத்திரி. மலேசியக் குடிமக்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் 1 ரிங்கிட்டுக்கும், நிபுணர் சிகிச்சைப் பிரிவில் 5 ரிங்கிட்டுக்கும் வைத்தியரைக் காண்கிறார்கள் என்பதும், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட் மட்டுமே கட்டணம் என்பதும் நமக்குப் பழகிப்போனபடியால் அதன் அருமை புலப்படுவதில்லை. சுங்கைப் பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹலீம் ஆஸ்பத்திரி இருக்கிறது. காத்திருக்கும் நேரம் நீண்டது என்ற குறை நியாயமானதே; ஆயினும் பெரும் சிகிச்சையொன்றினால் குடும்பம் கடனில் அமிழ்ந்துபோகாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். இதனோடு, 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் ரஹ்மா ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயது நிறைந்தோருக்கு இலவச ஆரோக்கியப் பரிசோதனையும் உண்டு. அதே ஆண்டின் தேசிய ஆய்வு, நாட்டின் வயதுவந்தோரில் 18.3 சதவிகிதத்தினருக்கும், இந்தியரில் 31.4 சதவிகிதத்தினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நம் சமூகத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவரைப் பற்றியிருக்கும் இந்நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைக்குப் போகாதிருப்பது, எந்தக் காப்புறுதியாலும் ஈடுசெய்ய முடியாத நஷ்டமாகும்.

இரண்டாம் படி சொக்சோ. அது சம்பளக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. 2017ஆம் ஆண்டு தனித் தொழில் புரிவோருக்கென்றே ஒரு சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது; முதலில் வாடகை வண்டி ஓட்டுவோரையும் அவர்களைப் போன்றோரையும் சேர்த்துக்கொண்ட அச்சட்டம், 2020ஆம் ஆண்டிலிருந்து சிறு வியாபாரிகள், விவசாயிகள், கட்டடத் தொழிலாளர், கைவினைஞர் முதலிய வேறு பல துறையினருக்கும் விரிவடைந்தது. உறுப்பினர் தம் வருமானத்துக்கு ஏற்றவாறு ஓர் அளவைத் தெரிந்தெடுத்து, அதில் 1.25 சதவிகிதம் கட்டவேண்டும். மாதம் 1,050 ரிங்கிட் வருமானத்தை ஆதாரமாகக் கொண்ட திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா 157 ரிங்கிட் 20 சென். அதாவது மாதத்துக்கு 13 ரிங்கிட் 10 சென். சில ஆண்டுகளில் அரசாங்கமே இதன் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டிருப்பதால், பதிவுசெய்யும்போது அவ்வாண்டின் சலுகையைக் கேட்டறிவது நல்லது. வேலையினால் விபத்து நேர்ந்தால் வைத்தியச் செலவு, வேலை செய்ய முடியாத நாட்களுக்குத் தினப்படி, நிரந்தர ஊனத்துக்கு உதவித்தொகை, உயிரிழந்தால் சார்ந்திருப்போருக்கு ஆதரவு ஆகியவை இதில் அடங்கும். தினமும் சாலையில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இதைவிட மலிவான கவசம் வேறில்லை.

ஆனால் இதன் எல்லையையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இத்திட்டம் வேலை சம்பந்தமான விபத்துக்கும் தொழில்வழி நோய்க்கும் உரியது. நீரிழிவோ, இருதய நோயோ, புற்றுநோயோ வந்தால் இது உதவாது. சம்பளக்காரர்களுக்குச் சொக்சோவில் உள்ள நோயினால் உழைக்க இயலாமை என்ற பிரிவு தனித் தொழிலாளருக்கு இதில் இல்லை. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஆபத்து வந்த பின்னரே வித்தியாசத்தை உணர்ந்து கலங்குகிறார்கள். வீட்டை நிர்வகிக்கும் மாதருக்கென்று 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் வேறு. ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால் 55 வயதுக்குட்பட்ட பெண்மணிக்கு வீட்டு விபத்துகளுக்கும், நோயினால் ஏற்படும் இயலாமைக்கும் அது துணைநிற்கிறது. கணவர் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் ஆளுக்கொரு சந்தா கட்டிவிட்டால், மாதம் 25 ரிங்கிட்டுக்குள் குடும்பத்தின் இரு தூண்களுக்கும் முட்டுக்கொடுத்தவர் ஆகிறார்.

மூன்றாவது படி சேமிப்பு. ஊழியர் சேமநிதியில் தனித் தொழில் புரிவோர் தாமாகவே பணம் போடலாம். 60 வயதுக்குட்பட்டோர் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால், போட்ட தொகையில் 20 சதவிகிதம், ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை அரசாங்கம் கூடுதலாகச் சேர்க்கும் என்பது 2025ஆம் ஆண்டின் ஏற்பாடு. அதன் ஒரு பகுதியைச் சில கொடிய நோய்களின் சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஓய்வுக்காலத்துக்கும் நோய்க்காலத்துக்கும் ஒரே பணம் போதாது என்பது உண்மையே. ஆனால் கையில் எதுவுமே இல்லாதவனைவிட, சிறிது வைத்திருப்பவன் வட்டிக்காரனுடைய வாசலுக்குப் போகாமல் தப்புகிறான்.

இந்த மூன்று படிகளிலும் காலூன்றிய பிறகும் வசதியிருந்தால், மெடிக்கல் கார்டைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம். எந்தத் தொகைக்கு எடுப்பது என்பதைவிட, பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் அதைக் கட்டமுடியுமா என்பதே இங்கே கேட்கவேண்டிய கேள்வி. வயதோடு பிரீமியம் உயரும். ஆஸ்பத்திரிக் கட்டணங்களின் ஏற்றமும் அதனோடு சேரும். பிரீமிய உயர்வைப் பற்றி 2024 இறுதியில் எழுந்த பெருங் கவலையினால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா அவ்வாண்டு டிசம்பரில் தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி நிறுவனங்களுக்கு விதித்தது. அதற்கு முன்பே, 2024 செப்டம்பர் முதல், செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்கும் வகையான கார்டுகளையும் நிறுவனங்கள் விற்பனைக்கு வைத்தாக வேண்டும் என்ற விதி வந்தது. சிகிச்சைச் செலவின் முதல் சில ஆயிரங்களைத் தாமே கட்ட ஒப்புக்கொள்வோருக்கு பிரீமியம் கணிசமாகக் குறைகிறது. சிறு செலவுகளை அரசாங்க ஆஸ்பத்திரியிலும் சேமிப்பிலும் சமாளித்துக்கொண்டு, தாங்க முடியாத பெருஞ் செலவுக்கு மட்டும் இத்தகைய கார்டை வைத்திருப்பது, நடுத்தர வருமானமுள்ள வியாபாரிக்குப் பொருத்தமானது.

கையெழுத்திடுமுன் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முன்பிருந்தே உள்ள நோய்களைக் கேட்கப்பட்ட இடத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். ஏஜென்ட் 'எழுத வேண்டாம்' என்று சொன்னாலும் எழுத வேண்டும். ஏனெனில் பின்னால் ஆஸ்பத்திரியில் கார்டு செல்லாது என்று மறுக்கப்படும்போது அந்த வார்த்தைக்குச் சாட்சி இராது. பொதுவாக முதல் 30 நாட்களில் விபத்தைத் தவிர வேறெதற்கும் பயன் கிடையாது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கட்டி முதலிய குறிப்பிட்ட நோய்களுக்கு 120 நாட்கள் காத்திருக்க வேண்டும். பத்திரம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் வேண்டாமென்று திருப்பித்தரும் உரிமையும் உண்டு. அந்த நாட்களில், விலக்குகள் என்ற பகுதியைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு நிதானமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும்.

ஒருவர் தனியாகச் சுமக்க முடியாததைப் பலர் சேர்ந்து சுமப்பதுதான் காப்புறுதியின் தத்துவம். இத்தத்துவம் கெடாவின் தோட்ட மக்களுக்குப் புதியதன்று. துண்டாடலினால் தோட்டங்கள் கைமாறித் தொழிலாளர் தெருவில் நிற்க நேர்ந்த அந்த நாளில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறு சிறு தவணைகளாகக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கத் தொடங்கியது. அது முதன்முதலாக வாங்கியது இக்கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தையே. சொற்பச் சம்பளத்தில் அவ்வளவு செய்தவர்களின் சந்ததியார், மாதம் பதின்மூன்று ரிங்கிட்டை ஒதுக்க இயலாதவர்கள் அல்லர். தடையாய் நிற்பவை தகவல் அறியாமையும், நாளைக்குப் பார்க்கலாம் என்ற ஒத்திப்போடலுமே.

ஆகவே இதை ஆளாளுக்குரிய காரியம் என்று விட்டுவிடாமல், கோயில் நிர்வாகங்களும், இளைஞர் சங்கங்களும், தாமான் குடியிருப்போர் சங்கங்களும் ஏற்று நடத்தவேண்டும். திருவிழா முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கோயில் மண்டபத்திலேயே சொக்சோ அலுவலரை அழைத்து, வண்டி ஓட்டுவோரையும் கடை வைத்திருப்போரையும் அவர்கள் இல்லத்தரசிகளையும் அங்கேயே பதிவுசெய்விக்கலாம். படிவம் நிரப்பத் தெரியாத முதியவருக்கு மாணவர்கள் துணைசெய்யலாம். தொகை சிறிதாயினும் தொடர்ந்து கட்டப்படுவதும், அதைத் தொடர்ந்து கட்டும்படி அயலார் நினைவூட்டுவதுமே, தமக்குத் தாமே எஜமானரான நம் மக்களுக்கு மெய்யான ஆரோக்கியக் காப்பாக அமையும்.