வாடகையில் சேராத கணக்கு

டாக்குரியாவில் வீடு பார்க்க வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, தெற்குப் பக்கம் திறந்திருக்கிறதா என்பதைத்தான். கோடை மாலைகளில் தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு வங்காளிகள் தரும் மதிப்பு அப்படி. டாக்குரியா மேம்பாலத்துக்கு அருகில், மூன்றாம் மாடியில், அத்தகைய வீடு ஒன்றில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தோம். மாதந்தோறும் சி.இ.எஸ்.சி. மின்கட்டணச் சீட்டு வரும். மே முதல் செப்டம்பர் வரை ஏறும், துர்கா பூஜை கழிந்ததும் இறங்கும். தண்ணீருக்கென்று தனியாக எதுவும் கட்டியதில்லை. வீட்டுச் செலவு என்றால் எங்களுக்கு இவ்வளவுதான்.

துபாயில் வேலை கிடைத்தபோது இந்தப் பழக்கத்தையே அளவுகோலாக எடுத்துச் சென்றோம். சம்பளத்திலிருந்து வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை ஆகியவற்றைக் கழித்தோம். எஞ்சியதில் டாக்குரியா வீட்டின் கடன் தவணையும், அங்கே தங்கிவிட்ட அம்மாவின் செலவும் தாராளமாக அடங்கின. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் ஏதோ ஒரு சிறு தொகையை எழுதிவைத்தோம். பிழை அந்த வரியில்தான் இருந்தது.

அங்கே மின்சாரமும் நீரும் துபாய் மின்சார, நீர் ஆணையத்தின் ஒரே சீட்டில் வருகின்றன. இணைப்புப் பெறும்போதே அடுக்ககத்துக்கு 2,000 திர்ஹம், தனி வீட்டுக்கு 4,000 திர்ஹம் வைப்புத் தொகை கட்ட வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது அது திரும்பக் கிடைக்கும். மின்சாரம் படிநிலைக் கட்டணம்: முதல் 2,000 யூனிட் வரை யூனிட்டுக்கு 23 பில்ஸ், அதற்கு மேல் 28 பில்ஸ் என்று ஏறும். இதன்மேல் எரிபொருள் கூடுதல் கட்டணம் உண்டு. எங்களைத் திகைக்க வைத்தது அதே சீட்டில் இருந்த வீட்டு வரி. ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதந்தோறும் சேர்க்கிறார்கள். வாடகை 60,000 திர்ஹம் என்றால் மாதம் 250 திர்ஹம். விளக்கை ஒருமுறைகூட ஏற்றாவிட்டாலும் இது வரும்.

இவற்றையெல்லாம் விடப் பெரியது குளிர்ச்சியின் விலை. துபாயின் பல கட்டடங்களில் தனித்தனி ஏ.சி. இயந்திரங்கள் இல்லை. ஓரிடத்தில் உள்ள பெரிய ஆலையில் நீரைக் குளிர்வித்து, நிலத்தடிக் குழாய்கள் வழியே பல கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். அதற்குத் தனி நிறுவனம், தனி வைப்புத் தொகை, தனிச் சீட்டு. அந்தச் சீட்டிலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, பயன்படுத்திய குளிர்ச்சிக்கு. மற்றொன்று, நம் வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட கொள்ளளவுக்கு. இது பயன்பாட்டைப் பொறுத்ததன்று. சில வீடுகளில் குளிர்ச்சிச் செலவை உரிமையாளரே ஏற்பார். விளம்பரத்தில் ‘சில்லர் ஃப்ரீ’ என்று போட்டிருப்பார்கள். எங்கள் முன் இரு வீடுகள் இருந்தன. ‘சில்லர் ஃப்ரீ’ வீட்டுக்கு ஆண்டு வாடகை 6,000 திர்ஹம் அதிகம். குறைந்த வாடகையைத் தேர்ந்தெடுத்துக் கெட்டிக்காரர்களாகிவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

பாலைவனம் என்றால் வறண்ட வெப்பம் என்றே எண்ணியிருந்தோம். ஜோத்பூர் போன்ற வறண்ட ஊரில் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் நன்றாகவே வேலை செய்யும், மின்சாரமும் குறைவு. துபாய் கடற்கரை நகரம். ஆகஸ்டு இரவில் வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் நீர் படர்ந்துவிடும். அந்தக் காற்றில் கூலர் பயன்படாது. இரவிலும் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியே நிற்பதால் சன்னலைத் திறக்கும் பேச்சுக்கே இடமில்லை. டாக்குரியாவில் காற்றுக்காகத் தேடிய பெரிய சன்னல் இங்கே மேற்கு வெயிலை உள்ளே அழைத்துவரும் கண்ணாடிச் சுவராயிற்று. மாடித் தொட்டி நீரோ குழாயில் கொதிக்கக் கொதிக்க வந்தது. நெடுநாள் வாழ்ந்த பக்கத்து வீட்டார் ஒரு வழி சொன்னார்கள்: கோடையில் கீசரை அணைத்துவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டியில் நீர் சற்று ஆறியிருக்கும்; வெந்நீர்க் குழாயைத் திறந்து அந்த நீரில் குளிக்கலாம். எல்லாமே தலைகீழ்.

முதல் ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஐந்து வாரம் கொல்கத்தா வந்தோம். திரும்பியபோது குளிர்ச்சிச் சீட்டு காத்திருந்தது. கொள்ளளவுக் கட்டணம் முழுமையாக இருந்தது. சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்று அஞ்சி ஏ.சி.யைக் குறைந்த அளவில் ஓடவிட்டுச் சென்றதால் பயன்பாட்டுக் கட்டணமும் இருந்தது. விமானச் சீட்டுக்குக் கையிருப்பைக் கரைத்திருந்த வேளை அது. அதையும் கட்டிய பின் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சவில்லை. டாக்குரியா வீட்டுக் கடனின் தவணை நாளன்று கணக்கில் இருப்புப் போதாமல் தவணை திரும்பியது. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நேராதது அது. திரும்பியதற்கான கட்டணத்தைவிட, கடன் வரலாற்றில் அது பதிவாகுமே என்பதே வருத்தியது. அம்மா தொலைபேசியில், “தண்ணிக்கும் காசு, குளிருக்கும் காசா?” என்று கேட்டார், மறுமொழி சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

ஆண்டு முடிவில் எல்லாச் சீட்டுகளையும் தரையில் பரப்பிக் கூட்டினோம். வாடகையில் மிச்சம் பிடித்த 6,000 திர்ஹமைக் குளிர்ச்சிச் செலவு எளிதாகத் தாண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வீடு மாறினோம். இப்போது வீடு பார்க்கப் போனால், முன்பு குடியிருந்தவரின் ஆகஸ்டு மாதச் சீட்டைக் காட்ட முடியுமா என்று கேட்கிறோம். சனவரிச் சீட்டைக் கண்டு மயங்குவதில்லை. ஓராண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து, குளிர்காலத்திலும் அதே தொகையை ஒதுக்கிவைக்கிறோம். நவம்பரில் மிஞ்சுவது ஜூலையில் உதவுகிறது.

வங்கிக் கணக்கையும் ஒழுங்கு செய்தோம். வேலைக்காக வெளிநாட்டில் குடியேறுவோர், தம் இந்தியச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்கில் சேர்த்தால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு. எனவே ஊரில் வரும் வருவாய்க்கு ஒன்று, இங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு ஒன்று என வைத்துக்கொண்டோம். திர்ஹம் 1997 முதல் டாலருடன் நிலையான மதிப்பில் பிணைக்கப்பட்டிருப்பதால், ரூபாயின் ஏற்ற இறக்கம் நாங்கள் அனுப்பும் தொகையிலும் தெரியும். ஆகவே மூன்று தவணைக்கான பணத்தை எப்போதும் முன்கூட்டியே கணக்கில் நிறுத்திவைக்கிறோம்.

அம்மாவின் சி.இ.எஸ்.சி. கட்டணம் இப்போது கணக்கிலிருந்து தானே சென்றுவிடுகிறது. ஆயினும் சீட்டை மாதந்தோறும் திறந்து பார்க்கிறோம். மே மாதத்தில் யூனிட் எண்ணிக்கை வழக்கத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், எங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதென்று மின்விசிறியை அணைத்துவிட்டுப் படுக்கிறார் என்று பொருள். அன்றிரவே அழைத்துவிடுவோம்.