பொருளின் ஆயுளும் கடனின் ஆயுளும்

வீட்டின் உள் அலங்காரத்தைத் திட்டமிடுவோர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்குகள்

புதுவீட்டின் சாவி கைக்கு வரும் வாரத்திலேயே உள் அலங்கார நிறுவனங்களின் விலைப்புள்ளிகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. சமையலறை மேடை, படுக்கையறை அலமாரிகள், கூரைக்கு அடியில் ஜிப்சம் பலகை, தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒரு மரச்சுவர், திரைச்சீலைகள் என எல்லாம் வரிசையாக எழுதப்பட்டு, அடியில் ஒரே தொகை நிற்கும். முன்பணம், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என்று சேமிப்பு கரைந்திருக்கும் நேரம் அது. வீட்டுக் கடனின் மாதத் தவணையும் தொடங்கியிருக்கும். அந்த ஒற்றைத் தொகையை எப்படித் திரட்டுவது என்ற கவலையில், அதற்குள் வெவ்வேறு ஆயுள் கொண்ட பொருள்கள் கலந்திருப்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

சுவருக்குள் பதிக்கப்படும் மின்கம்பியும் நீர்க்குழாயும் இருபது, முப்பது ஆண்டுகள் அங்கேயே இருக்கப் போகின்றன. நல்ல ஒட்டுப்பலகையில் செய்த அலமாரி பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். சுவர் வண்ணத்தை ஐந்தாறு ஆண்டுகளில் புதுப்பிக்க நேரும். திரைச்சீலையும் மெத்தை உறையும் அதற்கு முன்பே மங்கிவிடும். ஆகவே, கையெழுத்திடும் முன் விலைப்புள்ளியை மூன்று பட்டியல்களாகப் பிரித்து எழுதிக்கொள்வோம்: மறைந்திருப்பவை, மரவேலை, மேற்பரப்பு. எதற்கு முதலில் செலவிடுவது, எதற்குக் கடன் வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதற்கான விடை இந்தப் பிரிப்பிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சுவருக்குள் மறைபவை

கண்ணுக்குத் தெரியாத வேலைக்குப் பணம் செலவிட மனம் எளிதில் இசைவதில்லை. ஆனால் பின்னாளில் திருத்துவதற்கு மிக அதிகம் செலவாவது இதுதான். மின்கம்பியை மாற்ற வேண்டுமானால் பூச்சை உடைக்க வேண்டும். குளியலறைக் கசிவைச் சரிசெய்ய வேண்டுமானால் தரை ஓடுகளையே பெயர்க்க வேண்டும்.

குளிர்சாதனம், வெந்நீர்க் கருவி, சமையலறையின் மின் அடுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி மின்சுற்று இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் கேட்டறிய வேண்டும். ஐ.எஸ். 694 என்னும் தரக்குறியீடு வீட்டு மின்கம்பிகளுக்கு உரியது. கம்பிச் சுருளின் மீது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அது அச்சிடப்பட்டிருக்கும். மின்கசிவு ஏற்பட்டதும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புக் கருவி இல்லாத வீட்டில், வேறு எந்த அலங்காரத்துக்கும் முன்பாக அதைப் பொருத்துவதே முறை. குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும், தரை ஓடு பதிக்கும் முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி ஒரு நாளேனும் வைத்துக் கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லலாம். சுவரை மூடுவதற்கு முன் குழாய்களும் கம்பிகளும் செல்லும் பாதையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால், பின்னர் ஆணி அடிக்கும்போதும் துளையிடும்போதும் உதவும்.

ஓதம் ஏறிய சுவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதை மரப்பலகையாலோ சுவர்த்தாளாலோ மூடிவிடும்படி சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. மூடினால் ஈரம் மறையும், போகாது. ஓரிரு மழைக்காலத்தில் பலகை உப்பி, பூஞ்சை பிடித்து, செய்த செலவும் வீணாகும். கட்டுநரிடமிருந்து வீட்டை வாங்கியவர்களுக்கு இதில் மற்றோர் இழப்பும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டுநர் அதை 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். ஆகவே கசிவைப் படமெடுத்து, எழுத்து மூலம் முறையிட்டு, சரிசெய்த பிறகே அந்தச் சுவரில் அலங்கார வேலையைத் தொடங்க வேண்டும்.

ஊரின் வானிலை

தேசியக் கட்டட விதித்தொகுப்பு நம் நாட்டை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. வெப்பமும் வறட்சியும் கொண்ட ஜோத்பூர், வெப்பமும் ஈரப்பதமும் கொண்ட மும்பை, கொல்கத்தா, சென்னை, மூன்று பருவங்களையும் கடுமையாகக் காணும் தில்லி, மிதமான பெங்களூரு, குளிர்ந்த சிம்லா ஆகியவற்றுக்கு ஒரே அலங்காரம் பொருந்தாது. இணையத்தில் கண்ட படம் அழகாக இருக்கலாம். அந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடலோர நகரங்களில் துகள் பலகையும் எம்.டி.எஃப். பலகையும் ஈரத்தை உறிஞ்சி விளிம்புகளில் உப்பும். கனத்த துணி உறைகளும் தரைவிரிப்புகளும் மழைக்காலத்தில் நெடி பிடிக்கும். அங்கே காற்று நுழைய இடம் விட்ட அலமாரிக் கதவும், கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறைகளும் ஏற்றவை. தில்லியின் கோடையிலோ புழுதியே பெரும் தொல்லை. பள்ளங்களும் செதுக்கல்களும் நிறைந்த கூரை வேலைப்பாடு அங்கே தினமும் தூசி சேர்க்கும்.

மேற்கு நோக்கிய சன்னலில் வெயிலை உள்ளே தடித்த திரையால் மறைப்பதைவிட, கண்ணாடியைத் தொடும் முன்பே வெளியில் தடுப்பது அதிகப் பயன் தரும். கண்ணாடியைக் கடந்துவிட்ட வெப்பத்தில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியோடு மூங்கில் தட்டியோ வெயில் மறைப்போ அமைக்கலாம்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. ராஜஸ்தானத்தின் கல் சாளரங்கள் வெளிச்சத்தை வடிகட்டிக் காற்றை உள்ளே விட்டன. இங்கிலாந்தில் பிறந்து நம் நாட்டவராகவே வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், திருவனந்தபுரத்தில் அதே பணியைச் செங்கல்லைக் கொண்டு செய்தார். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களில், இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய துளைச்சுவர்களை இன்றும் காணலாம். பூசப்படாத செங்கல்லே அங்கு அலங்காரமாக நிற்பதால், பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவு மிஞ்சியது. கேரளத்திலும் வங்காளத்திலும் பழைய வீடுகளில் உள்ள செங்காவித் தரைகளும் இவ்வகையே. காலம் செல்லச் செல்ல அவை மெருகேறுகின்றன.

மரவேலையும் அளவும்

விலைப்புள்ளியில் பெரும்பகுதி மரவேலையாகவே இருக்கும். "நல்ல பிளைவுட்" என்ற வாய்ச்சொல் போதாது. எந்தத் தரம் என்பதை எழுத்தில் பெற வேண்டும். பொதுப் பயன்பாட்டு ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 303, ஈரத்தைத் தாங்கும் உயர்தர ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710 என்பன இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியீடுகள். கழுவுதொட்டிக்கு அடியிலும் குளியலறைச் சுவரை ஒட்டியும் 710 வேண்டும். படுக்கையறை அலமாரிக்கு 303 போதும். வீடு முழுவதற்கும் ஒரே உயர்தரத்தைக் கேட்டுச் செலவைக் கூட்டவும் வேண்டாம். சமையலறையில் தரத்தைக் குறைத்துச் சேமிக்கவும் வேண்டாம். பலகையில் அச்சிட்ட உரிம எண் உண்மையானதுதானா என்பதை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' கைப்பேசிச் செயலியில் நாமே சரிபார்க்கலாம்.

சதுர அடி விலையை ஒப்பிடும்போது, எதை அளந்து கணக்கிடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒருவர் அலமாரியின் முகப்பை மட்டும் அளப்பார்; மற்றொருவர் உள்ளே பயன்படும் பலகை முழுவதையும் அளப்பார். முதலாமவரின் விலை உயர்ந்ததாகத் தோன்றினாலும் மொத்தத் தொகை குறைவாக இருக்கக்கூடும். கீல், இழுப்பறைத் தண்டவாளம், கைப்பிடி ஆகியவை விலையில் அடங்கியவையா, சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்ததா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அளவு ஆளுக்கு ஏற்றதாக அமைய வேண்டும். சமைப்பவரின் முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்வாக மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. எல்லா வீட்டுக்கும் ஒரே உயரத்தில் மேடை அமைக்கும் வழக்கத்தை ஏற்காமல், அன்றாடம் சமைப்பவரை நிற்கவைத்து அளந்த பின்பே கல் பதிக்கச் சொல்லலாம். தோள்தாங்கியில் சட்டையைக் குறுக்காகத் தொங்கவிட அலமாரிக்கு ஏறக்குறைய இரண்டு அடி ஆழம் வேண்டும். அறை சிறிதென்று அதை ஒன்றரை அடியாகக் குறைத்தால் கதவு மூடாது.

மேற்பரப்பு

எளிதில் மாற்றக்கூடியவை இவை. ஆகவே அவசரமின்றி முடிவு செய்யலாம். வண்ணத்தை அட்டையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், சிறு டப்பா ஒன்று வாங்கிச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்க்க வேண்டும். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம். அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவின் மீது அந்த அறிவிப்பைப் படித்துப் பார்த்து வாங்குவது கடமை.

விளக்கிலும் நிறம் உண்டு. 2700 கெல்வின் என்று குறித்த எல்.இ.டி. விளக்கு மஞ்சள் கலந்த இதமான ஒளி தரும். அது படுக்கையறைக்கு உகந்தது. 4000 கெல்வின் சமையலுக்கும் படிப்புக்கும் ஏற்றது. 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை. இரவில் உறங்கும் அறைக்கு அது பொருந்தாது.

கூரை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை மின்விசிறிக்குத் திருப்பலாம். பழைய வகை மின்விசிறி 75 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும்; பி.எல்.டி.சி. வகைக்கு 30 வாட் அளவு போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரு விசிறியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் மிஞ்சும். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று கொண்டால் அது 1,380 ரூபாய் அளவிலான சேமிப்பு.

கடனின் கணக்கு

இனி, தொடக்கத்தில் பிரித்த மூன்று பட்டியல்களுக்குத் திரும்புவோம். உள் அலங்காரத்துக்கு 5 லட்சம் ரூபாய் தேவைப்படுகிறது என்று கொள்வோம். வீட்டுக் கடனோடு கூடுதல் கடனாக 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறக்குறைய 4,499 ரூபாய். சுமை தெரியாது. ஆனால் மொத்த வட்டி 5.80 லட்சம் ரூபாயாகிவிடும். அலமாரி 15 ஆண்டுகளில் தேய்ந்து அதை மாற்ற வேண்டிய நாளிலும், அதற்காக வாங்கிய கடனில் 2.17 லட்சம் ரூபாய் நிலுவையில் இருக்கும். இரண்டாம் அலமாரிக்கான கடனும் அதன் மேல் வந்து சேரும்.

அதே தொகையை அதே வட்டியில் 10 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை 6,334 ரூபாய்; வட்டி 2.60 லட்சம். ஐந்து ஆண்டுகளானால் தவணை 10,379 ரூபாய், வட்டி 1.23 லட்சம். வட்டி விகிதம் 11 சதவீதமாக உயர்ந்தாலும், ஐந்தாண்டுக் கடனின் மொத்த வட்டி ஏறக்குறைய 1.52 லட்சமாகவே இருக்கும். வட்டி விகிதத்தைவிடக் கால அளவு எவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆகவே நாம் பரிந்துரைப்பது இது. மறைந்திருக்கும் வேலைகளுக்கு நீண்ட காலக் கடன் பொருந்தும். மரவேலைக்கான கடனைப் பத்து ஆண்டுகளுக்குள் அடைத்துவிட வேண்டும். வண்ணம், திரைச்சீலை, அழகுப்பொருள்கள் ஆகியவற்றைச் சேமிப்பிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கலாம். ஏற்கெனவே நீண்ட காலத்துக்குக் கடன் பெற்றவர்கள் போனஸ் போன்ற தொகை கிடைக்கும்போது முன்கூட்டியே செலுத்தலாம். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர்கள் பெற்ற வீட்டுக் கடனுக்கு முன்கூட்டிச் செலுத்துவதற்கான கட்டணம் விதிக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படிச் செலுத்தும்போது தவணைத் தொகையைக் குறைக்காமல் கால அளவைக் குறைக்கும்படி கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வரிச் சலுகையை நம்பிக் கடன் தொகையை உயர்த்துவதும் சரியன்று. பழைய வரி முறையில், தாமே குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் பெற்ற கடனின் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரையே கழிவு உண்டு. புதிய வரி முறையில் அத்தகைய வீட்டுக்கு இந்தக் கழிவு இல்லை.

ஒப்பந்தத் தொகைக்கு மேல் பத்து சதவீதம் எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைப்பது நல்லது. முன்பணத்தைக் குறைவாகவும், மீதியை வேலை முடியும் கட்டங்களுக்கு ஏற்பவும், இறுதிப் பகுதியைக் குறைகள் களையப்பட்ட பின்பும் வங்கிக் கணக்கு வழியே செலுத்தினால் சான்றும் நம்மிடம் இருக்கும்.

குடியேறும் நாளில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மறைந்திருக்கும் வேலைகளையும் சமையலறையையும் ஒரு படுக்கையறையையும் முடித்துக்கொண்டு குடியேறி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவ்வீட்டில் வாழ்ந்து பார்க்கலாம். வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, குடும்பத்தினர் மாலையில் எங்கே கூடுகிறார்கள், எந்தப் பொருளுக்கு இடம் போதவில்லை என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகு கேட்டுப் பெறும் விலைப்புள்ளி முதலில் வந்ததைவிடச் சிறியதாக இருக்க வாய்ப்புண்டு. கடன் தேவைப்பட்டால், மூன்றாகப் பிரித்த பட்டியலோடு கிளைக்கு வாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய கால அளவை உங்களோடு அமர்ந்து கணக்கிட நாங்கள் உதவுவோம்.